பிறேக் பிடிக்காத காலை

அந்தக் காரின் பின்சில்லுகளுக்குப் பிறேக் பட்டி மாற்றியவன் நான். பொலிஸ்காரர் என்னிடம் வாக்குமூலம் எழுத வந்தபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் பென்சிலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் கார் திருத்திற கராச்சிலை வேலையோ?"

"இல்லை. சீனியர் சோதனை எழுதிப்போட்டு வீட்டிலை இருக்கிறன்."

"அப்ப ஆர் உமக்குப் பிறேக் வேலை பழக்கினது?"

"புத்தகத்தைப் பாத்துச் செய்தனான்."

அவர் அதை எழுதவில்லை.

அன்று காலை அண்ணை எங்கள் காரை நல்லூர்ப் பக்கம் ஓட்டிப் போனபோது பிறேக் பிடிக்காமல், சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டார். அந்த மனிதருக்குக் கால் முறிந்தது. கொழும்பிலிருந்து மோட்டார்ப் பரிசோதகர் நாலாம் நாள் வருவார், அவர் காரை ஓட்டிப் பார்ப்பார், பிறேக்கில் பிழை இல்லையென்றால் பிழை ஓட்டியவனுடையது, லைசென்சைப் பறித்துவிடுவார்கள் என்று பொலிஸ்காரர் விளங்கப்படுத்தினார். அண்ணைக்கு இருபத்தாறு வயது. கார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. பேரை எழுதி முடிக்கவே அவருக்கு நேரம் எடுக்கும். அந்த லைசென்சுப் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துத்தான் கோயிலுக்கும் போவார்.

கார் எங்களிடம் வரும்போதே அதற்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அப்பு, அதாவது என் தகப்பனார், முப்பது வருஷம் கொழும்புத்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு மாட்டுவண்டிலில் மூட்டை ஏற்றினவர். லொறிகள் வந்து மூட்டைகளைப் பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு டாக்குத்தர் வீட்டு வளவில் ஓடாமல் நின்ற இந்தக் காரை வாங்கினார். அண்ணை ஓட்ட, கலியாணத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் சனம் வாடகைக்குப் பிடித்தது. வண்டிலை விற்றார். மாடுகள் இரண்டையும் விற்க அப்புவுக்கு மனம் வரவில்லை, அவை கொட்டிலில் நின்றன. காரோடு ஓர் இங்கிலீசுப் புத்தகமும் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான் என்றபடியால் அது என்னிடம் வந்தது.

பட்டி மாற்றியது இடிபாட்டுக்கு எட்டு நாள் முந்தி. மிதியை அமர்த்தினால் பின்னால் இரும்பை இரும்பு உரஞ்சும் சத்தம் வரத் தொடங்கியிருந்தது. சில்லின் உட்பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது, அது சில்லோடு சேர்ந்து சுற்றும். அதற்குள் இரண்டு பிறை போன்ற இரும்புகள். அவற்றின் முதுகில் நெய்த பட்டி அறைந்திருக்கும். மிதியை அமர்த்தினால் கம்பிகள் இழுத்துப் பிறைகளை விரிக்கும், பட்டி சட்டியைக் கவ்வும், சில்லு நிற்கும். முன்சில்லுகளுக்குப் பிறேக் கிடையாது. கைப் பிறேக்கும் அதே பின்சட்டிகளுக்குள்ளேதான்.

நான் காரைக் கட்டையில் ஏற்றிச் சில்லுகளைக் கழற்றினேன். பழைய பட்டி தேய்ந்து ஆணித்தலைகள் வெளியே நின்றன. பட்டணத்தில் புதுப் பட்டி வாங்கி, அளந்து வெட்டி, செப்பு ஆணியால் அறைந்தேன். நடுவில் தொடங்கி இரண்டு நுனிக்கும் மாறி மாறிப் போகவேண்டும் என்று புத்தகம் சொன்னது, இல்லாவிட்டால் பட்டி உப்பி நிற்கும். ஆணித்தலை பட்டிக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். நுனிகளை அரத்தால் சரிக்க வேண்டும். எல்லாம் சொன்னபடி செய்தேன். பிறகு அண்ணையை மிதியில் இருத்திவிட்டு, நான் பின்னால் குந்தி இரண்டு சில்லையும் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"அமத்துங்கோ. காணும். விடுங்கோ. இன்னொருக்கா அமத்துங்கோ."

"எடேய், கால் மரத்துப்போச்சுது."

"இடப் பக்கம் முந்திப் பிடிக்குது அண்ணை. ரெண்டும் ஒண்டாப் பிடிக்கவேணும்."

"கலியாணப் பொருத்தம் பாக்கிறியோ? விடடா, ஒரு மயிரிழை முந்தினால் என்ன?"

"கார் ஒரு பக்கம் இழுக்கும்."

"நீ என்னை விடியக் காலமை தொடக்கம் இழுக்கிறாய். கார் இழுத்தால் என்ன?"

கம்பியின் திருகுச் சுரையை அரைச் சுற்றுத் தளர்த்தினேன், பிறகு காற்சுற்று இறுக்கினேன். பின்னேரம் கடற்கரை வெளியில் ஓட்டி, ஒரேயடியாக அமர்த்தினோம். மணலில் இரண்டு கோடுகளும் ஒரே நீளத்துக்குக் கிடந்தன. அண்ணை இறங்கி நடந்து காலால் அளந்து பார்த்தார். "உந்தப் புத்தகக்காரன் விசயம் தெரிஞ்சவன்தான்" என்றார். அது எனக்குச் சொன்ன பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புவும் அன்று வெளியில் நின்றார். அவர் கோடுகளைப் பார்க்கவில்லை. சில்லுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காருக்கு மரச்சில்லு. பன்னிரண்டு மர ஆரைகள், வெளியே இரும்பு வளையம், அதன்மேல் ரயர். சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற மாதம் அது. ஆரைகள் காய்ந்து சுருங்கி, கார் திரும்பும்போதெல்லாம் கிறீச்சென்று கத்தின. அதற்கு முதல்நாள் ஏறிய கலியாணக்காரர் ஒருவர், "என்ன காணும், மாடு எங்கை, சத்தம் மட்டும் வருகுது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார். அண்ணை வீட்டில் வந்து அதைப் பகிடியாகச் சொன்னார். அப்பு சிரிக்கவில்லை.

இடிபாடு நடந்த காலை நான் வீட்டில் இருந்தேன். அண்ணை ஏழு மணிபோல வெளிக்கிட்டார். அப்பு வழக்கமாக விடிய எழும்பிக் கிணற்றுத் தண்ணீரில் கார் கழுவுகிறவர், ஆகவே கார் ஈரமாக நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒழுங்கையில் ஆட்கள் இல்லை. எங்கள் பகுதி தட்டைத் தரை, காலை எடுத்தாலே கார் தானாக நிற்கும். முதன்முதல் பிறேக் தேவைப்பட்டது நல்லூருக்குத் திரும்பும் வளைவில்தான். குறுக்கு ஒழுங்கையால் ஒருவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டிக்கொண்டு வந்து தெருவில் ஏறினார்.

"மிதிச்சன்" என்றார் அண்ணை. பொலிஸிலும் வீட்டிலும் அதே சொற்களைத்தான் சொன்னார். "மிதி வழமைபோல இறுகினது, ஆனால் பிடிக்கேல்லை. ஒண்டுமில்லை. கைப் பிறேக்கை இழுத்தன். அதுவும் இல்லை. எண்ணெயிலை வழுக்கின மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது."

பிறகு என்னைப் பார்த்தார். "பொருத்தம் பாத்துப் பாத்துக் கட்டின பிறேக்" என்றார்.

ஆனால் பொலிஸ்காரர் ஒரு மணித்தியாலம் கழித்து ஓட்டிப் பார்த்தபோது கார் சொன்ன இடத்தில் நின்றதாம். "உம்மடை தமையன் நித்திரையிலையோ ஓட்டினவர்?" என்று என்னிடம் கேட்டார். அன்று மத்தியானம் வழக்கம்போல இருந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாதென்று சொன்னேனாம், அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். படுத்து நன்றாக நித்திரையும் கொண்டேன். பட்டி கழன்றதோ, ஆணி விட்டதோ, சுரை தளர்ந்ததோ என்று யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். யோசனை வரவில்லை. கையை விறைக்கத் தண்ணீருக்குள் வைத்திருந்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் அம்மா தோடம்பழம் தந்து ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார். கால் முறிந்தவர் நீர்வேலிக்காரர், நாற்பது வயது மதிக்கலாம். காலைப் பலகையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் கட்டிலடியில் நின்றேன்.

"நீர் ஆர் தம்பி?"

"கார் ஓட்டினவரின்ரை தம்பி."

"கொண்ணை வரேல்லையோ?"

"அவர் வரப் பயப்பிடுறார்."

"என்னைப் பாத்தோ? எழும்பி அடிக்க எனக்குக் கால் வேணுமே!" சிரித்தார், சிரித்த அசைவில் நோ வந்து முகத்தைச் சுளித்தார். "இஞ்சை கேளும். கொண்ணை பாம் பாம் எண்டு கோண் அடிச்சவன், கை காட்டினவன். வாயை ஆவெண்டு வைச்சிருந்த முகம் இப்பவும் எனக்குத் தெரியுது. என்னிலும் பாக்க அவன்தான் பயந்தவன். ஆள் நிக்கச் சொல்லுறான், கார் நிக்குதில்லை. அப்பிடித்தான் இருந்தது."

"இதைப் பொலிசுக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னன். உமக்குக் கார் ஓட்டத் தெரியுமோ எண்டு கேட்டாங்கள். இல்லையெண்டன். அப்ப பேசாமல் படும் எண்டாங்கள்." தோடம்பழத்தை மணந்து பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வைத்தார். "என்ரை குலை ரெண்டும் எங்கை?"

"தெரியாது."

"கப்பல் வாழை. நல்ல முத்தல். தெருவிலை போற ஆடு இதுவரையிலை கதையை முடிச்சிருக்கும்."

மூன்றாம் நாள், காரின் கடதாசிகளைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று பொலிஸ் வளவுக்குப் போனேன். கார் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. தொடக்கூடாது என்றார்கள். தொடாமல் சுற்றி வந்து குந்திப் பார்த்தேன். பின்சில்லின் ஆரைகளில், அச்சு உயரத்துக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. நாலு சில்லிலும் ஒரே உயரத்தில் இருந்தது. ஆரைக்கும் பிறேக் சட்டிக்கும் இடையே காய்ந்த சாதாளைத் துண்டொன்று ஒட்டியிருந்தது. சாதாளை ஆழமில்லாத பரவைக் கடலின் அடியில் வளரும் பூண்டு. தோட்டத்துக்குப் பசளையாக எடுப்பார்கள், தெருவில் கிடக்காது. பொலிஸ்காரர் மற்றப் பக்கம் பார்த்த நேரம் விரலால் வெள்ளைக் கோட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எனக்குத் தெரிந்து எங்கள் கார் ஒருநாளும் கடலுக்குள் இறங்கினதில்லை. ஆனால் வண்டில் சில்லுகள் இறங்கியிருக்கின்றன. ஒவ்வொரு சோளகத்திலும், மரம் சுருங்கி இரும்புப் பட்டம் தளர்ந்தால், வண்டில்காரர் எல்லாரும் வண்டிலைப் பரவைக் கடலுக்குள் இறக்கி அச்சுமட்டத்துத் தண்ணீரில் நிறுத்திவிடுவார்கள். குளங்கள் வற்றியிருக்கும் காலம், கடல்தான் கிட்ட. மரம் தண்ணீர் குடித்து ஊதும், சில்லு இறுகும், சத்தம் நிற்கும். நானே சின்ன வயதில் வண்டிலில் இருந்துகொண்டு அப்படி நின்றிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். பிறேக் பகுதியின் கடைசிப் பக்கத்தில், ஆழத் தண்ணீருக்குள்ளால் கார் போக நேர்ந்தால் சட்டிக்குள் தண்ணீர் புகும், நனைந்த பட்டி பிடிக்காது, மிதியை மெல்ல அமர்த்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டி அதை உலர்த்தவேண்டும் என்று இருந்தது. நான் அதை முந்தியே வாசித்திருந்தேன். மற்ற எல்லாப் பக்கத்தையும் அண்ணைக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். இந்த ஒரு பந்தியைச் சொல்லவில்லை. ஒரு துளி மழை இல்லாத மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவில் ஆழத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். பொலிஸ்காரர் ஓட்டியபோது ஏன் பிடித்தது என்பதும் விளங்கியது. இடித்த இடத்திலிருந்து பொலிஸ்வரைக்கும் அண்ணை பயத்தில் மிதியிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டியிருக்கிறார். பட்டி காய்ந்துவிட்டது.

அப்பு மாட்டுக் கொட்டிலில் வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார்.

"அப்பு, அண்டைக்குக் காலமை காரைக் கடலுக்குள்ளை விட்டனீங்களோ?"

"ஓம். விட்டனான்." ஒளிக்கிற குரல் இல்லை. "நீங்கள் எழும்ப முந்தி மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலம் நிப்பாட்டினனான். ஏன்?"

"ஏன் விட்டனீங்கள்?"

"ஏனோ? சில்லு காய்ஞ்சு கத்துது, சனம் பல்லைக் காட்டுது. தண்ணி குடிச்சால் இறுகும். வருசா வருசம் செய்யிறதுதானே."

"அது வண்டில் சில்லுக்கு."

"இது என்ன, கற்கண்டோ? இதுவும் மரந்தானே."

"அப்பு, சில்லுக்குள்ளைதான் பிறேக் கிடக்கு. அது நனைஞ்சால் பிடிக்காது."

அவர் கையில் இருந்த வைக்கோலைக் கீழே போடவில்லை. மாடு கழுத்தை நீட்டி அதை இழுத்தது. இழுக்க விட்டார்.

"கொண்ணைக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது. நான் சொல்லேல்லை."

"ம்."

அவர் அடுத்த வைக்கோல் கட்டை அவிழ்த்தார். நானும் போய்விட்டேன். சொல்லவேண்டிய ஆள் நான்தான் என்று தெரியும். ஆனால் கார் அப்புவின் பேரில் இருந்தது. காரை எந்நேரமும் பிழையில்லாத நிலையில் வைத்திருப்பேன் என்று அவருக்காக இங்கிலீசில் விண்ணப்பம் எழுதி, அவரின் பெருவிரலை அதில் பதித்தவன் நான். அதைக் காட்டித்தான் வாடகைக்கு ஓட்ட அனுமதி கிடைத்தது. அப்பு செய்ததைச் சொன்னால் அனுமதி போகும். சொல்லாவிட்டால் அண்ணையின் லைசென்சு போகும். அண்ணையிடம் சொன்னால் அவர் அப்புவோடு சண்டைக்குப் போவார். அதோடு, புத்தகத்தில் கிடந்ததா என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் அண்ணையிடம் வாய் திறக்கவில்லை. மற்றக் காரணங்களை அதற்குப் பிறகுதான் சேர்த்துக்கொண்டேன்.

நாலாம் நாள் கடலோரத்து முற்றவெளியில் சோதனை. பரிசோதகர் காலை ரயில் கோச்சியில் வந்திறங்கியிருந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். தமிழ் தெரியாது. எல்லாரும் அவரைத் துரை என்றார்கள். பொலிஸ்காரருக்கு இங்கிலீசு தட்டுத்தடுமாற்றம் என்றபடியால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அண்ணை தோய்த்து மடித்த சட்டை போட்டிருந்தார். அப்பு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரும் கூப்பிடாமல், எங்களுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார்.

துரை தெருவுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவித்தார். அண்ணை ஓட்ட, துரை பக்கத்தில் இருந்தார். கோட்டில் துரை கை தட்டியதும் அண்ணை அமர்த்தினார். கார் ஒரு காரின் நீளமும் போகாமல் நின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் கைப் பிறேக், அதுவும் நின்றது. துரை தூரம் அளந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டு, இவ்வளவு பழைய காரில் இவ்வளவு நல்ல பிறேக்கை அண்மையில் பார்க்கவில்லை என்று என்னிடம் இங்கிலீசில் சொன்னார். இதை அண்ணைக்குத் தமிழில் சொல்லவேண்டியவனும் நானே. சொன்னேன். அண்ணை சட்டைப் பையில் கையை வைத்தார். துரை எழுத ஆரம்பித்தார்.

நான் பேசவேண்டிய நேரம் அது. துரையின் பேனா போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்துகள் சாய்வாக, அழகாக இருந்தன.

"தம்பி" என்று பின்னால் அப்பு கூப்பிட்டார். "துரைக்குச் சொல்லு. நான் காரைக் கடலுக்குள்ளை விட்டனான் எண்டு சொல்லு."

அண்ணை திரும்பினார். "என்னணை கதைக்கிறியள்?"

"நீ பொறு. தம்பி, சொல்லு."

சொன்னேன். துரை பேனாவை எடுத்துவிட்டு, எதற்காக விட்டார் என்று கேட்டார்.

"கேக்கிறார், ஏன் எண்டு."

"ஆரை இறுக. மரச்சில்லு காய்ஞ்சால் நனைக்கவேணும். இதுக்குள்ளை பிறேக் இருக்கிறது எனக்குத் தெரியாது. ஓட்டினவனுக்கு நான் நனைச்சது தெரியாது. காலமை அவன் எழும்ப முந்திச் செய்தது. எல்லாம் அப்பிடியே சொல்லு, ஒண்டையும் விடாதை. மழுப்பவும் வேண்டாம்."

அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டுகிற குரலில் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. துரை சிரிக்கவில்லை. சில்லடியில் குனிந்து வெள்ளைக் கோட்டைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பொலிஸ்காரரும் நானும் வாளியால் கடலில் அள்ளினோம். காரைக் கட்டையில் ஏற்றி, சில்லைச் சுற்றச் சுற்ற, சட்டியின் விளிம்பால் உள்ளே போகும்படி ஊற்றச் சொன்னார் துரை. முற்றவெளியில் சும்மா நின்ற சனம் எல்லாம் கூடிவிட்டது.

"காருக்கு முழுக்கு வாக்கினம்!"

"பெடியனுக்குத் தண்ணியிலை கண்டமாம், காருக்குக் கழிக்கினம்."

"அந்தக் கண்ணாடிக்காரர்தான் ஐயரோ?"

நான் இருபது வாளிவரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அண்ணை ஏறினார். துரை இந்த முறை ஏறவில்லை. கார் வந்தது, கோட்டில் துரை கை தட்டினார், அண்ணை மிதியில் எழும்பி நின்றதே தெரிந்தது. கார் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பகிடி விட்ட சனம் குழறிக்கொண்டு இரு பக்கமும் பாய்ந்தது. கடைசியில் புல்லுக்குள் இறக்கி, எஞ்சினை நிறுத்தித்தான் அண்ணை காரை நிற்பாட்டினார். இறங்கினபோது அவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாலு நாளாக ஒருவரும் நம்பாததை அவர் எங்களுக்குக் காட்டிவிட்டார்.

துரை முந்தி எழுதிய கடதாசியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஓட்டியவரில் பிழையில்லை என்றும், மரச்சில்லைக் கழற்றி இரும்புச் சில்லுப் போடும்வரை இந்தக் காரை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்றும் அதில் இருந்தது. அந்தக் காருக்குப் பொருந்தும் இரும்புச் சில்லு யாழ்ப்பாணத்தில் எங்குமில்லை. அது எனக்கும் தெரியும், துரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்புவிடம் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று அப்பு கேட்டார்.

சொன்னேன்.

"லைசென்சுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப சரி." பெருவிரலை மையில் தோய்த்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பு முன்னால் போனார். அண்ணையும் நானும் பின்னால். நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"அண்ணை, நனைஞ்சால் பிடிக்காதெண்டு புத்தகத்திலை இருந்தது."

அவர் கொஞ்சத் தூரம் நடந்தார். "எப்ப பாத்தனி?"

"பட்டி மாத்தேக்கை."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"இஞ்சை ஆர் தண்ணிக்குள்ளாலை ஓட்டப்போயினம் எண்டு நினைச்சன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து, திறந்து, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். "நீ படிச்சனி" என்றார். "எனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் நீயே பிரிக்கிறாய்." அவ்வளவோடு நடையை எட்டிப் போட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் அப்புவோடும் கதைக்கவில்லை. பகையென்று இல்லை, சொல்ல ஒன்றுமில்லாதவர் போல இருந்தார். அப்புவும் கேட்கவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் வெவ்வேறு நேரத்தில் சோறு போட்டார். நீர்வேலிக்காரர் ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு தடியோடு வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். வளவில் ஓடாமல் நிற்கும் காருக்கு நான் கிழமைக்கொரு தரம் மிதியை அமர்த்தி, கம்பி மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆவணியில் அண்ணைக்கு மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டும் வேலை கிடைத்தது. லைசென்சை அனுப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டு வந்த கடிதத்தை நான் வாசித்துச் சொன்னேன், மறுமொழியும் நான் எழுதினேன். போகிற நாள் பின்னேரம் ஒரு தகரப் பெட்டியோடு வெளிக்கிட்டார். அம்மா திருநீறு பூசிவிட்டார். அப்பு படலையடியில் நின்றார். அண்ணை அவருக்கு முன்னால் நின்று, நிலத்தைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றார். இரண்டு மாதத்தில் அவரிடம் சொன்ன முதல் சொல் அது.

"ஓம், போட்டு வா" என்றார் அப்பு. "அங்கை ஏத்தம் இறக்கமாம்."

"ஓம்."

"பாத்து ஓட்டு."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோச்சியடிவரை கூடப் போனேன். பெட்டி பாரமில்லை, இரண்டு சாரமும் ஒரு சட்டையும்தான் அதற்குள் இருந்தன. கோச்சி வெளிக்கிட்டதும் யன்னலால் கை காட்டினார். நானும் காட்டினேன். அப்போதும் எனக்கு அழுகையோ கவலையோ ஒன்றும் வரவில்லை. கோச்சியின் கடைசிப் பெட்டி மறையுமட்டும் நின்று பார்த்தேன், பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன்.